பனிநாட்டுக் கொலைகளும் பெர்மாஸ் ஜெயா பூட்டும்

பட்டப்பகலில் எங்கள் வரிசை வீடுகளின் கேட்டுகளில் பூட்டுத் தொங்கும். பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பூட்டு என்றால் வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். மலேசியாவில், சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவுக்கு வந்த புதிதில், எல்லாரும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள் போல என்று நினைத்துக்கொள்வேன்.

இங்கே எனக்குக் கிடைத்த ஒரே வாசிப்புத் துணை கமலா அக்கா. மூன்று வீடு தள்ளி இருக்கிறார். பக்கத்துத் தெப்ராவ் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. சாப்பாட்டுக் கடையில் அவர் கையில் ஒரு துப்பறியும் நாவலைப் பார்த்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஸ்வீடன் நாவல் ஒன்றை மறுநாளே கொடுத்தேன். "கொலைகாரன் யாருன்னு தேடாதீங்கக்கா. அந்த இன்ஸ்பெக்டர் ஏன் தினமும் தனியா சாப்பிடுறார்னு பாருங்க" என்று வேறு சொல்லிவைத்தேன். ஊரில் கல்லூரித் தோழிகளோடு இப்படித்தான் மாற்றி மாற்றிப் படித்துச் சண்டை போடுவோம்.

படித்துவிட்டு அக்கா கேட்டார்: "கதை நல்லாதான் இருக்கு. ஆனா பக்கத்து வீட்டுல ஆள் செத்து ரெண்டு வாரமாச்சு, ஒருத்தருக்கும் தெரியல. அது எப்படி லா?"

"அந்த ஊர்ல அடுத்தவங்க கதவைத் தட்ட மாட்டாங்க" என்றேன், பெரிய விஷயம் தெரிந்தவள் போல.

அடுத்த பாகத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பூட்டு. மறுநாளும் பூட்டு. அடுத்த வாரமும் அதேதான். என்னைத் தவிர்க்கிறார் என்றே முடிவுகட்டிவிட்டேன். இவரும் இல்லையென்றால் இந்த ஊரில் நான் யாரிடம் போய்ப் புத்தகம் பேசுவது?

ஞாயிற்றுக்கிழமை அவரே என் வாசலில் வந்து கத்தினார். "என்னம்மா, அடுத்த பாகம் தரேன்னீங்க, ஆளையே காணோம்?"

வந்து வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பியதைச் சொன்னேன்.

"அலமாக்! நான் உள்ளதானே இருந்தேன்! திருட்டு பயம், நாங்க உள்ள இருந்தே பூட்டிக்குவோம். வாசல்ல நின்னு ஒரு சத்தம் கொடுக்கக் கூடாதா? பூட்டு எந்தப் பக்கம் தொங்குதுன்னுகூட பாக்கல, இத்தன துப்பறியும் கதை படிச்சு என்ன பிரயோசனம்!"

மானம் போயிற்று. ஆனாலும் அன்றைக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. பிறகு நானும் உள்பக்கம் பூட்டப் பழகிக்கொண்டேன்.

போன விடுமுறைக்குப் பாளையங்கோட்டை போயிருந்தேன். அம்மா கடைக்குப் போனதும், கை தன்போக்கில் கேட்டை உள்ளிருந்து பூட்டிவிட்டது. கூடத்தில் உட்கார்ந்து நார்வே நாவல் ஒன்றில் ஆழ்ந்திருந்தேன். போன் அடித்தது. சித்தி.

"ஏட்டி, சொல்லாம கொள்ளாம மலேசியாவுக்குக் கிளம்பிட்டியா?" குரல் கம்மியிருந்தது.

"வீட்டுக்குள்ளதான் இருக்கேன் சித்தி."

"சும்மா சொல்லாத. இப்பதான் வந்து பாத்தேன், பூட்டிக் கெடக்கே!"

ஜன்னலுக்கு ஓடினேன். தெருமுனையில் சித்தி, போனைக் காதில் வைத்தபடி, நான் இல்லாத வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தாள்.