உள்ளிருந்து திறக்காத கதவு

பட்டறையில் எல்லோரும் அவளைக் கதவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கார்க் கதவின் உட்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்றி மாட்ட அவளை விட்டால் அந்தத் தெருவில் ஆளில்லை. கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் திருகு ஒன்று, கை வைக்கும் பள்ளத்தில் ஒன்று. இரண்டையும் எடுத்துவிட்டு, கீழ் ஓரத்தில் பிளாஸ்டிக் பட்டையை நுழைத்து நெம்புவாள். கிளிப்புகள் டப் டப்பென்று விடும், ஒன்றும் உடையாது.

கணவர் பக்கவாதத்தில் படுத்து ஆறு வருடம். காலையில் அவரைத் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, சாப்பாட்டை மசித்து ஊட்டிவிட்டுத்தான் வேலைக்கு வருவாள். பட்டறை அவருக்கும் அவர் தம்பிக்கும் பொது. அண்ணன் இடத்தில் அண்ணி வந்து நின்றது அந்தத் தம்பிக்குத் தொண்டையில் சிக்கிய முள். போன மாதம் சொந்தக்காரர்களைக் கூட்டி ஒரு பேச்சை முடித்திருந்தான்: அவள் வேலையில் ஒரே ஒரு புகார் வந்தாலும் பட்டறைச் சாவியை வைத்துவிட்டு வீட்டோடு இருக்க வேண்டும். அவளும் வீறாப்பாகத் தலையாட்டிவிட்டாள்.

புகார் ஒரு வாத்தியாரின் உருவத்தில் வந்தது. முந்தின நாள்தான் அவர் காரின் நான்கு கதவுக்கும் பூட்டு மோட்டார் மாற்றியிருந்தார்கள். முன்கதவு இரண்டும் அவள், பின்கதவு இரண்டும் கொழுந்தன்.

"எங்கம்மாவ முன்னாடி உக்கார வெச்சிட்டு மருந்து வாங்கப் போனேன். வர்றதுக்குள்ள வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டாங்க. கதவு உள்ளேருந்து தொறக்கவே இல்ல!"

கொழுந்தனுக்கு வாயெல்லாம் பல். "முன்கதவா சார்? அண்ணி, உங்களத்தான் கேக்குறாரு."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

"கைதான் வேலை செய்யல போல."

அவள் பேடைக் கழற்றினாள். உள்கைப்பிடியில் மாட்ட வேண்டிய கேபிள் அநாதையாகத் தொங்கியது. நேற்று அதைக் கையில் எடுத்தபோதுதான் கொழுந்தன் வந்து நின்றான். முதலில், "என் ஸ்க்ரூடிரைவரத் திருடுனது நீங்கதானே?" பிறகு, "அண்ணன் இன்னும் எத்தன நாள் தாங்குவாரு?" அவனுக்குப் பதில் கொடுத்த வேகத்தில் பேடை அறைந்து மூடிவிட்டிருக்கிறாள்.

"நான்தான் சார் மாட்ட மறந்துட்டேன். மன்னிச்சிருங்கம்மா."

காருக்குள் இருந்த கிழவி முகத்தைத் திருப்பினாள். "உன் மன்னிப்ப வெச்சு நான் என்ன பண்ண? மொதல்ல கதவச் சரி பண்ணு."

சரி செய்து முடித்ததும் கொழுந்தன் கையை நீட்டினான். "சாவி."

"தரேன். சாரோட பின்கதவையும் பாத்துட்டுத் தரேன்."

"அது எதுக்கு? அதெல்லாம் நல்லாத்தான் தொறக்குது!"

"அப்ப ஏன் பதறுற?"

"நீங்க பாருங்கம்மா" என்றார் வாத்தியார்.

பட்டை தேவைப்படவில்லை. விரலால் இழுத்ததுமே பேடு கையோடு வந்தது. ஒன்பது கிளிப்பில் நான்குதான் இருந்தன. மழைத்தண்ணீர் உள்ளே வராமல் ஒட்ட வேண்டிய பாலிதீன் தாளைச் சுருட்டி அடியில் திணித்திருந்தான். அதன்மேல் ஒய்யாரமாகப் படுத்திருந்தது காணாமல் போன ஸ்க்ரூடிரைவர்.

"அதான் வழியெல்லாம் கடகடன்னுச்சா?" என்றார் வாத்தியார்.

"ரெண்டு பேரையும் சேத்தாலும் ஒரு ஆளுக்கான மூளை தேறாது போலிருக்கே" என்றாள் கிழவி.

கதவக்கா ஸ்க்ரூடிரைவரை அவன் நீட்டிய கையிலேயே வைத்தாள். "புகார் வந்தா சாவிய வெக்கணும். அதானே பேச்சு? உன் சாவியையும் கொண்டா. சேத்து வெப்போம்."

அவன் கையை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

இருவரும் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்கள், பேச்சுதான் இல்லை. இப்போதெல்லாம் வேலை முடிந்த ஒவ்வொரு காருக்குள்ளும் அவள் ஏறி உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றி, கதவைச் சாத்திக்கொண்டு உள்கைப்பிடியை இழுத்துப் பார்க்கிறாள். அந்த நேரம் மட்டும் கொழுந்தன் கைவேலையை நிறுத்திவிட்டுக் கண் கொட்டாமல் பார்க்கிறான், ஒரு தடவையாவது திறக்காமல் போகாதா என்று.