மூக்கில் உட்கார்ந்த ஈ

கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றியின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு தழும்பு. மூக்கு மட்டும் முகத்தோடு சேராமல், பிறகு கொண்டுவந்து வைத்ததுபோல் தடித்திருந்தது.

அந்த மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தது. அவர் நெற்றியைத் துடைத்தார். ஈ நகரவில்லை. மறுபடியும் நெற்றியையே துடைத்தார். பேருந்தில் யாரிடமும் பேச்சுக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“ஈ மூக்குல இருக்குதுங்க.”

“அப்படியா? எனக்கு நெத்தியில ஊர்ற மாதிரிதான் இருக்குது சார்” என்று ஈயை விரட்டினார். பிறகு அவராகவே சொன்னார்: “மரவள்ளிக் கொல்லையில கரடி கடிச்சிடுச்சி. நெத்தித் தோலை அறுத்து, அப்படியே கீழ திருப்பி மூக்கு செஞ்சாங்க. தோலு எறங்கி வந்துடுச்சி. அதுக்கு இன்னும் நெத்தியில இருக்கறதாத்தான் நெனப்பு.”

“சரியாயிடுமா?”

“வேற யாராவது தெனம் தொட்டுக்கினு இருந்தா பழகிடும்னு டாக்டரு சொன்னாரு. நானே தொட்டா, தொடறதுக்கு முன்னாடியே மனசுக்குத் தெரிஞ்சிடுது.”

“வீட்ல தொடறாங்களா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “பயப்படறாங்க சார். ஈ ஒண்ணுதான் பயமில்லாம வந்து உக்காருது.”

கரியாலூரில் தூறிக்கொண்டிருந்தது. துண்டைத் தலையில் போட்டு, நெற்றி மறைய இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார். பேருந்து கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன். துண்டுக்குள் கையை விட்டு, நனையாத நெற்றியைத் துடைத்துக்கொண்டே நடந்து போனார்.