வழியில் ஒரு கண்ணாடி

ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துவதில் அவருக்கு இருபத்தாறு வருட அனுபவம். டேப்பை எடுக்கும் முன்பே கண்ணாலேயே அளவு சொல்லிவிடுவார். வேலைக்குக் கிளம்பியதும் வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி அனுப்பியே ஆகவேண்டும் என்று புது மேனேஜர் உத்தரவு போட்ட பிறகுதான் மனிதர் ஆட்டம் கண்டார்.

முதல் செய்தி ஒரு டீச்சரம்மாவுக்கு. வண்டியில் ஏறியதும் 'கிளாஸ் இன் த வே' என்று தட்டி அனுப்பினார். கண்ணாடி வழியில் இருக்கிறது; இதில் என்ன தப்பு? போய்ச் சேர்ந்தபோது டீச்சரம்மா துடைப்பமும் கையுமாக மாடிப்படியில் நின்றிருந்தார்.

"வழியில கண்ணாடி கிடக்குன்னு அனுப்பினீங்களே. நாலு மாடியும் தேடிட்டேன். எங்க உடைச்சீங்க?"

"உடைக்கலம்மா. வண்டியில பத்திரமா இருக்கு."

"அதுக்கு 'ஆன் த வே'ன்னு போடணும்ங்க."

சரி, இனி எல்லாவற்றுக்கும் 'ஆன்'தான் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். உள்ளே போனால், ஜன்னலை மறைத்துக்கொண்டு ஆளுயர பீரோ. துணைக்கு ஆள் கேட்டு ஆபீசுக்கு எழுதினார்: 'கப்போர்ட் ஆன் த வே. ஒன் மேன் பிளீஸ்.' மேனேஜரோ பீரோ வருகிறது என்று நினைத்து, அதை இறக்க ஓர் ஆளை ஆபீஸ் வாசலில் நிறுத்திவிட்டார். ஒரு மணி நேரம் காத்துப் பார்த்துவிட்டு, டீச்சரம்மாவும் அவருமே மூச்சு வாங்கத் தள்ளினார்கள்.

வீட்டில், நர்ஸ் வேலை பார்க்கும் மனைவியிடம் கேட்டார்.

"போயிட்டிருந்தா ஆன். இடைஞ்சலா நின்னா இன். அவ்வளவுதாங்க."

புரிந்த மாதிரிதான் இருந்தது. மறுநாள் நாற்சந்தி நடுவில் வண்டி மக்கர் பண்ணி நின்றது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். எங்கே இருக்கிறீர்கள் என்று வாடிக்கையாளரிடமிருந்து செய்தி வந்தது. 'ஐ ஆம்' வரை எழுதியவர் திகைத்துப்போய் மனைவிக்குப் போன் போட்டார்.

"வேலைக்குத்தான் போயிட்டிருக்கேன். ஆனா ஊருக்கே குறுக்க நிக்கிறேன். இப்ப நான் 'ஆன்'னா, 'இன்'னா?"

"ரெண்டும்தான் போலிருக்கு."

செய்தி போகவே இல்லை. சாயங்காலம் மேனேஜர் காரணம் கேட்டபோது நடந்ததை அப்படியே சொன்னார். "நீங்களே சொல்லுங்க சார், எதைப் போட்டிருக்கணும்?"

மேனேஜர் பேனாவை எடுத்து 'ஆன்' என்று எழுதினார், அடித்தார், 'இன்' என்று எழுதினார், அதையும் அடித்தார்.

"நாளையிலேருந்து போனே பண்ணிடுங்க," என்றார்.