மீன் வாங்கும் அதிகாரம்

நோர்வேயில் மீனுக்குத் தலை கிடையாது. என் மனைவி பிலோமினா முதியோர் இல்லச் சமையலறையில் வேலை முடிந்து, தானே கார் ஓட்டி வந்து, பிளாஸ்டிக்கில் பொதிந்த வெள்ளைத் துண்டுகளை மேசையில் வைப்பாள். கண்ணில்லை, செவுளில்லை, சோதனைச்சாவடியில் அடையாள அட்டையின்றி நிற்கும் ஆளைப்போல. ஒருநாள் பொதியைக் கடைக்குக் கொண்டுபோய், இது புதிய மீன் என்பதற்கு யார் சாட்சி என்று கேட்டேன். கடைப்பெண் திகதியைக் காட்டினாள். திகதி போட்டவரைச் சோதித்தது யார் என்றேன். அவள் இரக்கத்தோடு பார்த்துவிட்டுக் காசைத் திருப்பித் தந்தாள். கேள்வி கேட்டவனின் வாயைக் காசால் அடைக்கிற நாட்டை எப்படி நம்புவது?

மன்னாரில் மீன் வாங்குவது ஆண்களின் வேலை. மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் தலைமை எழுதுவினைஞராக இருந்த காலம் முழுவதும் செவுளைத் திறந்து சிவப்புப் பார்த்துப் விலைகூடிய பாரை மீன் வாங்கி வந்தவன் நான். பிலோமினா தலைமன்னார் மீனவர் வீட்டுப் பெண். ஆனாலும் எது வேண்டும் என்று அவளைக் கேட்கும் நடைமுறை எங்கள் வீட்டில் இருக்கவில்லை. சம்பளம் எடுப்பவர் வாங்குவார், மற்றவர் சமைப்பார். நோர்வேக்குப் போனபின் சம்பளம் எடுப்பவள் அவள். விதியை வகுத்தவன் நானே என்பதால் மேன்முறையீட்டுக்கும் வழியில்லை.

இந்த வருடம் அவளுடைய லீவில் ஊருக்கு வந்தோம். வீட்டைத் திருத்தி இங்கேயே இருந்துவிடுவது என் திட்டம். அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பதில் வராத கோப்புக்குள் ஏதோ இருக்கும் என்பது என் உத்தியோக அனுபவம். சந்தைக்குத் தானும் வருவதாக அவள் சொன்னபோது சந்தேகம் கூடியது.

“சேர், பாரை எடுத்து வச்சிருக்கிறன்,” என்றான் என் பழைய மீன்காரன்.

“எனக்குச் சூடை போடுங்கோ தம்பி,” என்றாள் பிலோமினா. உத்தியோகத்தர் வீட்டுப் படியேறாத மலிவு மீன் அது.

“சூடையோ? சேர் வீட்டுக்கோ?”

“சேர் பாரை தின்னட்டும். எனக்கு அது ஒருநாளும் பிடிக்கேல்லை.”

“கேட்டியளோ சேர்? இவ்வளவு காலமும் என்ர குடும்பத்துக்காகத்தான் வாங்கியிருக்கிறியள்!”

சந்தையே சிரித்தது. திரும்பும் வழியில் கேட்டேன்: “அப்ப இஞ்ச இருக்கிறதும் பிடிக்கேல்லையோ?”

“ஊர் பிடிக்கும். ஆனா லீவு முடிய நான் போறன். அங்க எனக்கு வேண்டினதை நானே பாத்து எடுக்கிறன். நீங்கள் இருக்கிறதெண்டா இருங்கோ.”

நேற்று அவள் விமானம் ஏறிவிட்டாள். என் பயணச்சீட்டை நான் பாவிக்கவுமில்லை, கிழிக்கவுமில்லை, திகதியைப் பின்போட்டு வைத்திருக்கிறேன். இன்று சந்தைக்குத் தனியே போனேன்.

“எத்தினை பேருக்கு வெட்ட, சேர்?” என்ற மீன்காரன், பாரையின் முதுகில் கத்தியை வைத்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.