ட்ரெய்லர் ஏறாத மலை

எங்கள் பக்கத்தில் ஊர் சுற்றுவதெல்லாம் சரக்குதான். கப்பலில் வந்த பெட்டி துறைமுகத்தில் இறங்கி, எண்ணூர் சாலையில் ஊர்ந்து, பெங்களூர் வரை போய்விடும். மனிதர்கள் அப்படிப் போவதில்லை. சாவு, கல்யாணம், ஆஸ்பத்திரி, வேண்டுதல் இவற்றில் ஒன்று இருந்தால்தான் திருவொற்றியூரில் எங்கள் தெருவில் யாராவது பையைத் தூக்குவார்கள். சும்மா ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொன்னால், “இன்னா, கொழுப்பா?” என்பார்கள்.

நைனா என்று நாங்கள் கூப்பிடும் என் அப்பா கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் ஓசூர் சாலையில் இருப்பார். மீதியில் பல நாள் துறைமுக வாசலில் வரிசையில் நிற்பார். வண்டியை விட்டு நகர்ந்தால் முறை போய்விடும் என்பதால் அம்மா சாப்பாட்டைத் தூக்கில் எடுத்துக்கொண்டு போய் அங்கேயே கொடுப்பாள். அவர் வீட்டில் இருக்கும் நாளென்றால் தூங்குகிறார் என்று பொருள். அதனால் அம்மா, நைனா, அக்கா, நான் என்று நாலு பேரும் சேர்ந்து எங்கேயும் போனதே கிடையாது.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடியில் வேலை. பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நாம நாலு பேரும் ஒரே ஒரு நாள் எங்கனா போய்ட்டு வரணும். அப்பால நா இந்த வூட்டுக்கு விருந்தாளிதான்.”

நைனா ஒரு பத்திரிகையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “ஏலகிரி போலாம். எனக்கு வழி தெரியும்” என்றார்.

கல்யாணத்துக்கு முன் அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிரைவரோடு ஒரு வாடகைக் காரைச் சொல்லிவைத்தேன். குடும்பத்தில் முதலில் காலேஜ் போனவன் நான். போனில் வரைபடம், எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்ற கணக்கு எல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஆனால் முன் சீட்டில் உட்கார்ந்தது நைனா.

விடியும்போது கிளம்பினோம். போன் மாதவரம் வழியாகப் போகச் சொன்னது. நைனா ஒத்துக்கொள்ளவில்லை.

“மீஞ்சூர் பக்கமா வுடு தம்பி. மாதவரத்துல பகல்ல உள்ள வுட மாட்டான்.”

“அண்ணே, நாம வந்துகினு கீறது காருண்ணே. ட்ரெய்லர் இல்ல” என்றார் டிரைவர்.

“கார்னா இன்னா, எல்லாம் நாலு சக்கரத்துக்கு மேலதான?”

மீஞ்சூரைச் சுற்றிக்கொண்டுதான் போனோம். வண்டி நின்ற இடத்திலெல்லாம் நைனா இறங்கி நாலு டயரையும் உள்ளங்கையால் தட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி வரிசையாகப் பெரிய ஹோட்டல்கள் வந்தன. “இங்கெல்லாம் வண்டி போட எடமில்ல” என்று சொல்லி ஒவ்வொன்றையும் கடக்கவைத்தார். காஞ்சிபுரம் திருப்பத்துக்கும் அப்பால், ட்ரெய்லர்கள் நிறைந்த ஒரு பொட்டல். அதன் ஓரத்தில் தகரக்கூரை மெஸ். “வா வாத்யாரே, குடும்பத்தோட வந்துகீறியே!” என்று கல்லாவில் இருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். இட்லியும் வடகறியும் அப்படி ஒரு ருசி. நைனா எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

சாப்பிட்டதும் அம்மா அக்காவின் காதில் ஏதோ சொன்னாள். இருவரும் மெஸ்ஸுக்குப் பின்னால் போய் உடனே திரும்பினார்கள். அங்கே தொட்டியடியில் ஆண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். மற்றபடி வெட்டவெளி. மறைவுக்கு ஒரு சுவர்கூட இல்லை. வீட்டில் கிளம்பியதிலிருந்து அம்மா ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது. “திரும்பிடலாமா?” என்றாள்.

நான் கத்திவிட்டேன்.

“முப்பது வருசமா இந்த ரோட்டுலதான ஓட்டுற? பொம்பளைங்க எங்க போவாங்கன்னு தெரியாதா? இன்னாதான் தெரியும் உனக்கு?”

மெஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கை கழுவிக்கொண்டிருந்த நைனா குழாயை மூடினார்.

“நா எப்படா பொம்பளைங்கள இட்டாந்தேன்?” என்றார். சண்டைக்குச் சொன்னது போல இல்லை. அவருக்கே அது அப்போதுதான் தெரிந்தது போல இருந்தது.

கல்லாக்காரரிடம் எதையோ விசாரித்துவிட்டு வந்து காரில் ஏறினார். கொஞ்ச தூரம் போனதும் ஒரு கல்யாண மண்டபத்தின் முன் நிறுத்தச் சொன்னார். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேனிடம் போய், “பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிகீறோம். மண்டபத்த ஒரு தபா பாக்கணும்” என்றார். அந்த மனிதர் சாவிக்கொத்தோடு ஓடிவந்து மேடை, சமையல்கட்டு என்று ஒன்றுவிடாமல் காட்ட ஆரம்பித்தார். நைனா ரொம்பப் பொறுப்பாக, “மணப்பொண்ணு ரூமு எப்டி கீது? பாத்ரூம் உள்ளயே கீதா?” என்று கேட்டார்.

அம்மாவும் அக்காவும் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தார்கள். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “மண்டபம் நல்லாதான் கீது நைனா. இன்னா, பத்திரிகைய மாத்தி அடிக்கணும்.”

“இங்கயே வெச்சிக்கோங்க சார், ஏசி வேற போடப்போறாங்க” என்றார் வாட்ச்மேன். அவரை நினைத்தால் இன்றும் பாவமாக இருக்கிறது.

அதன்பிறகு வண்டி எங்கே நின்றாலும் நைனா டயர்களை மறந்துவிட்டு முதலில் உள்ளே போய் விசாரித்தார். “லேடீஸுக்குத் தனியா கீதா? தண்ணி வருதா?” பெட்ரோல் பங்க், டீக்கடை, ஒன்றையும் விடவில்லை. வாணியம்பாடி வருவதற்குள் அம்மா ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்திருந்தாள். நான் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மன்னிப்பு என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. அதை எப்படி ஆரம்பிப்பது என்று காலேஜிலும் சொல்லித்தரவில்லை.

மலையடிவாரத்தில் நைனா, “இதுக்கு மேல எனக்குத் தெரியாது” என்றார்.

“நீ வந்ததே இல்லியா?” என்றாள் அம்மா.

“ட்ரெய்லர் இதுல எங்க ஏறும்? இந்த மலைய நா கண்ணாடிலதான் பாத்துகினு போவேன். உங்கள ஒருநாள் இட்டாரணும்னு நெனச்சிகினே போவேன்.”

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. அக்கா பின்னாலிருந்து வளைவுகளை எண்ணினாள்.

வழியெல்லாம் நின்று நின்று வந்ததில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆகியிருந்தது. ஏரியில் கடைசி மிதிபடகு ஒன்று மிச்சம். நைனாவின் வயிற்றுக்கு மேல் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கி மாட்டவில்லை. அம்மா முடியவே முடியாது என்றாள். அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். நைனாவும் நானும் மிதித்தோம். திருப்பும் பிடி அவர் கையில். ட்ரெய்லரைத் திருப்புவது போல அகலமாக ஒடித்தார். படகு நேராகக் கோரைப்புல்லுக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. கரையிலிருந்த ஆள் விசில் ஊதினான். “ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ் எடு” என்று அம்மா கத்தினாள். பயந்து கத்துகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்புக்குப் படம் எதுவும் எங்களிடம் இல்லை. நாலு பேருமே படகில் இருந்தோம். போன்களெல்லாம் கரையில் காரில் இருந்தன.

பயணம் எதற்கு என்று யாராவது என்னைக் கேட்டால் ஏரியையோ மலையையோ சொல்ல மாட்டேன். ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் ஒருவர் போய்வந்த வழி இன்னொருவருக்குத் தெரியாமல் இருந்தது. ஒரு நாள் ஒரே வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அம்மா எதையெல்லாம் அடக்கிக்கொண்டு வாழ்ந்தாள் என்பதும் அப்படித் தெரிந்ததுதான்.

கல்யாணம் முடிந்து தூத்துக்குடிக்கு முதன்முறை அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். அக்காவின் மாமியார் என்னைப் பார்த்ததும் மண்டபக் கதையைச் சொல்லிச் சிரித்தார். புல்லுக்குள் சொருகிய படகு, வலது கால் பிரேக், எல்லாம் அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். சமையலறைக்குப் போய் அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்: “எல்லாத்தையும் சொல்லிட்டியா?”

அவள் மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “நீ நைனாவாண்ட கத்தினத மட்டும் சொல்லல. அது நம்ம வூட்டு விசயம்.”