நூலகர்கள் மாணவர்களான ஞாயிறு

என் கைக்குழந்தையை வாங்கித் தன் கணவர் கையில் கொடுத்துவிட்டு, "அது அழாது, நீ போய் நில்லு" என்று அரியலூர் அக்கா என்னை ஹாலின் நடுவே தள்ளிவிட்ட அந்த மதியம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. எதிரே பாயில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் போல் கல்லூரி நூலகர்கள். அன்றைக்கு மட்டும் மாணவர்கள்.

நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் துணை நூலகர். கட்டுரைகளைத் தேடுவது எப்படி, எதை நம்பலாம் என்று முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். நூலகப் படிப்பில் பாடம் நடத்த யாரும் சொல்லித்தரவில்லை. பிள்ளைகள் தூங்கினார்கள். இப்படியே போனால் வகுப்பையே நிறுத்திவிடுவேன் என்றார் முதல்வர். அரியலூரில் வேறொரு கல்லூரியின் நூலகரான அக்காவை எனக்கு பஸ்ஸில்தான் பழக்கம். அவரிடம் புலம்பினேன். "என் வகுப்பு மட்டும் என்ன வாழுதாம்? நம்மள மாதிரி ஆளுங்களக் கூப்புடுறேன். நமக்கு நாமளே நடத்திப் பாப்போம்" என்றார். யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டாமா என்று கேட்டேன். "என் வூட்டுல கறிக்குழம்பு வைக்க யார்கிட்டடி அனுமதி கேக்கணும்?"

அடுத்த ஞாயிறே அவர் வீட்டு ஹாலில் கூடினோம். முதலில் அக்கா நடத்தினார். அவரைக் கிழித்துத் தொங்கவிட்டோம். அடுத்து நான். குழந்தைக்குப் பசிக்குமோ என்று ஒரு காது உள்ளறையிலேயே இருந்தது. லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்திருந்த நூலகர் ஒருவர் கடைசி பெஞ்சுப் பையனாகவே மாறி, "மிஸ், போன்ல தேடுனா வந்துரும், இதெல்லாம் எதுக்கு?" என்றார். "போன்ல வர்றதெல்லாம் உண்மையாடா?" என்று பக்கத்திலிருந்தவர் மல்லுக்கு நின்றார். என் விரல் தானாக உதட்டுக்குப் போனது. "உஷ்ஷ்!"

ஹாலே சிரித்தது. "அடிப்பாவி, இப்பத்தான் பாடத்துக்குள்ள வந்தாங்க. அதுக்குள்ள வாய அடைச்சுட்டியே!" என்றார் அக்கா. சிரித்து முடித்ததும் ஒவ்வொருவராக, தானும் அப்படித்தான் என்றார்கள். அமைதி காப்பது எங்களுக்கு வேலையாகவே பழகியிருந்தது.

கல்லூரியில் என் அடுத்த வகுப்பில், ஒரே விஷயத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கட்டுரைகளைக் கொடுத்து, எதை நம்புவீர்கள் என்று கேட்டேன். நூலகம் சந்தையாகிவிட்டது. சத்தம் கேட்டு முதல்வரே வந்துவிட்டார்.

"என்னம்மா இது?"

"வகுப்பு நடக்குதுங்க சார்." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

முன்வரிசைப் பெண் ஒருத்தி அவரிடமே தாளை நீட்டினாள். "சார், இத எழுதுனது யாருன்னே போடல. எப்படி சார் நம்புறது?" அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பு தப்பியது. ஞாயிற்றுக்கிழமைகளும் தொடர்கின்றன, இப்போது திருச்சியிலிருந்துகூட வருகிறார்கள். சரியாகத்தான் நடத்துகிறேனா என்ற சந்தேகம் மட்டும் இன்னும் என்னை விடவில்லை. போன வாரம் அக்காவிடம் அதைச் சொன்னேன்.

"அது போயிருச்சுன்னா ஞாயித்துக்கிழம நீ எதுக்கு வரப்போற?" என்றார்.