செபாஸ்டின் என்னிடம் கேட்ட சாட்சி

செவ்வாய்க்கிழமை மதியம், ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது செபாஸ்டினின் அக்கா போன் செய்தார். "தம்பி போயிட்டான்யா. காலைல பல்லு விளக்கும்போதே சாஞ்சுட்டான்" என்றார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. 'அவர்' என்று எழுதினால் விழுந்து விழுந்து சிரிப்பான். அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவன் வைத்திருந்த கேசட் கடை உங்களுக்குத் தெரியும். பாட்டுப் பட்டியலைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் இரண்டே நாளில் பதிந்து தருவான். ஊரே சினிமாப் பாட்டு கேட்ட காலத்தில் அவனுக்குப் பழைய இங்கிலீஷ் ராக் பாட்டுதான் உயிர். "காது வலிக்குதுடா" என்று யாராவது சொன்னால், "நல்ல பாட்டு மொதல்ல வலிக்கத்தான் செய்யும்" என்பான். அவற்றைத் தன் தம்பி ஜெயராஜுக்கும் பதிந்து கொடுத்தான். சென்னைக்குப் படிக்கப் போன ஜெயராஜ் மூன்றாம் வருடம் கையெல்லாம் ஊசித் தழும்போடு திரும்பி வந்தான். ஆறே மாதத்தில் அவனை அடக்கம் செய்தோம்.

அடுத்த வருடம் எங்கள் சர்ச்சின் பங்குத் திருவிழாவில் பட்டிமன்றம். 'ஆங்கில ராக் பாடல்களில் போதை ஒளிந்திருக்கிறதா, இல்லையா?' தலைப்பு வைத்தவர்கள் யாரை நினைத்து வைத்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இல்லை என்று பேச செபாஸ்டின் தானே பெயர் கொடுத்தான். எதிர் அணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நன்றாகப் பேசுவான் என்று எனக்கு ஒரு பெயர், பாழாய்ப்போன பெயர்.

பாட்டில் பனி என்று வந்தால் போதைப்பொடி, குதிரை என்றால் போதை ஊசி, பறப்பது என்றால் மயக்கம் என்று அடுக்கினேன். "பனின்னா பனிதான்யா! இப்படியே உள்ளர்த்தம் தேடுனா பைபிள்ல வர்ற திராட்சரசத்துக்கு என்ன சொல்லப் போறீக?" என்றான் செபாஸ்டின். கூட்டம் சிரித்தது. தோற்றுவிடுவேனோ என்று எனக்கு வெறி வந்துவிட்டது. "இந்தப் பாட்டைக் கேட்டு அழிஞ்ச பிள்ளையை நாம கல்லறைக்குத் தூக்கிட்டுப் போகலையா?" என்று மைக்கில் கத்தினேன். விசில் பறந்தது. முன்வரிசையில் செபாஸ்டினின் அம்மா உட்கார்ந்திருந்தார். நடுவர் எங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். எனக்குப் பொன்னாடை போட்டார்கள்.

மறுநாளே அம்மா துணிமணியை எடுத்துக்கொண்டு அகரத்தில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். "பாட்டைக் கொடுத்துக் கொன்னுட்டியேடா" என்றாராம். அதோடு மகனிடம் பேச்சு நின்றது.

செபாஸ்டின் என் ஆபீசுக்கு வந்தான். "நான் சொன்னா அம்மா நம்ப மாட்டாங்க. மேடையில சொன்னவன் நீ. அது சும்மா பேச்சுக்குச் சொன்னதும்மான்னு ஒரு வார்த்தை வந்து சொல்லு மாப்ள, போதும்." ஞாயிற்றுக்கிழமை வாரேன் என்றேன். போகவில்லை. எத்தனையோ ஞாயிறு அப்படிப் போயிற்று. நத்தத்தில் கூட்டம், வீட்டில் விருந்தாள், எனக்குக் காய்ச்சல். எல்லாம் பொய். பேச்சாளன் என்ற பெயர் கெட்டுவிடும் என்ற பயம்தான் உண்மை.

ஒருமுறை நாற்பது பாட்டைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்தான். "எங்கடா இருக்கு? காட்டு." படித்தேன். பெரும்பாலும் காதல்தான். இரண்டு பாட்டில் எனக்கே சந்தேகம் வந்தது. சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "நானும் இம்புட்டு வருஷமா இதையேதானடா கேக்குறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

ஐந்து வருடம் கழித்து அம்மா இறந்தார். மாலையோடு அகரத்துக்குப் போனேன். செபாஸ்டின் என் கையைப் பிடித்துப் பெட்டிக்குப் பக்கத்தில் கூட்டிப்போனான். "இப்பச் சொல்லு மாப்ள" என்றான். சுற்றிலும் சனம் பார்த்துக்கொண்டிருந்தது. மாலையை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கண்டால் டீ வாங்கிக் கொடுப்பான், பிள்ளைகளை விசாரிப்பான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவனுடைய கேசட் ஒன்றும் என்னிடம் இல்லை. 'இப்பச் சொல்லு' என்ற அந்த ஒரு சொல்தான் இருக்கிறது. அன்று எனக்காகக் கைதட்டிய உங்களிடம் இப்போதாவது சொல்லிவிடுகிறேன். ஏதோ ஒரு வாரப் பத்திரிகையின் அரைப்பக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு மேடையேறினேன். அந்தப் பாட்டுகளில் ஒன்றைக்கூட நான் அதுவரை கேட்டதில்லை.